பலகை வாங்கினால் வியாபாரம் ஆகிவிடுமா?



என் தங்கையின் மகன் ஒரு நாள் புது யோசனையோடு கடைக்கு வந்தான். "மாமா, பத்துப் பலகை இறக்குவோம். மட்டக்களப்பு வாவியில வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவோம். சைக்கிள் வாடகை மாதிரித்தான், மணிக்கு இவ்வளவு" என்றான். கடனுக்கு என் கையெழுத்தும் தேவையாம்.

அவன் சொன்னது நின்றுகொண்டு துடுப்பு வலிக்கும் பலகை. 'ஸ்டாண்ட் அப் பேடல் போர்ட்' என்பார்கள். பத்துப் பதினொரு அடி நீளம், இரண்டரை அடி அகலம். காற்றடித்து விரிக்கும் வகையைச் சுருட்டிப் பையில் போடலாம். ஹவாய்த் தீவில் தொடங்கி, 2000க்குப் பிறகு உலகமெங்கும் பரவிய விளையாட்டு. தோணியில் நின்று கம்பு ஊன்றும் நம் வாவி மக்களுக்கு இது பெரிய அதிசயமல்ல.

சரக்கைப் பார்க்காமல் நான் பணம் போடுவதில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நாள், ஸுபஹ் தொழுதுவிட்டு இருவரும் காசு கொடுத்து வாடிக்கையாளராகவே போனோம்.

வாவியில் கற்ற பாடம்

வழிகாட்டி ஒரு மீனவரின் மகன், தமிழ்த் தம்பி. வந்தவுடன் எங்களைத் தண்ணீரில் இறக்கவில்லை. நீந்தத் தெரியுமா, நெஞ்சு வருத்தம் உண்டா என்று கேட்டார். உயிர்காப்பு அங்கியைக் கட்டி, தோளில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பலகையின் கயிற்றைக் காலில் மாட்டினார். "ஹாஜியார், முதல்ல முழங்கால்ல இருங்க. எழும்பினா காலைப் பார்க்காதீங்க, தூரத்தைப் பாருங்க" என்றார். ஐம்பது வயது தாண்டிய நான் ஒரு தரம்தான் விழுந்தேன். மருமகன் மூன்று தரம்.

அவர் எங்களைக் காற்றுக்கு எதிரே கொண்டுபோனார். "லேசான பக்கம் இருக்க ஏன் கஷ்டமான பக்கம்?" என்று மருமகன் கேட்டான். "திரும்பி வரக்குள்ள களைச்சிருப்பீங்க. அப்ப காற்று உங்களைக் கொண்டுவரும்" என்றார். ஒரு மணி நேரத்தில் காற்று ஏறிவிட்டது. முழங்காலில் இருந்தபடியே கரை சேர்ந்தோம்.

வழிகாட்டி இல்லாமல் பலகையை மட்டும் கொடுத்திருந்தால்? வந்தவர் காற்றோடு சுகமாகப் போவார், திரும்ப முடியாமல் நிற்பார். பாசிக்குடாவில் இது இன்னும் ஆபத்து. அங்கே கரையோரம் குளம்போல அமைதியாக இருக்கும். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, பலகையை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கும் காலத்தில் நீரோட்டம் இழுக்கும். வலைக் கம்பு எங்கே, முதலை நடமாடும் கண்டல் ஓரம் எது என்பதெல்லாம் அந்தத் தம்பிக்குப் பாடம். எங்கள் பணம் அதற்குத்தான் போனது, பலகைக்கு அல்ல.

கணக்கைப் பார்ப்போம்

மருமகனின் கணக்கு: 10 பலகை, நாளுக்கு 6 மணி, மே முதல் செப்டம்பர் வரை 150 நாள். மொத்தம் 9,000 மணி வாடகை.

என் கணக்கு: 5 பலகை, அதில் ஒன்று வழிகாட்டிக்கு. காற்று, மழை, ஆள் வராத நாள் என்று 50ஐக் கழித்தால் 100 நாள். காலையில் ஒரு பயணம், 400 இடம். பாதி நிரம்பினால் 200. இன்று விற்காத சேலையை நாளை விற்கலாம். இன்று நிரம்பாத இடம் மாலையில் நாறிய மீன்தான்.

சுற்றுலா நிலையான சந்தையுமல்ல. 2018இல் நாட்டுக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதல், பின் கொரோனா. 2021இல் 2 லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024இல்தான் மீண்டும் 20 லட்சம் தாண்டியது. வட்டிக் கடனில் பலகை வாங்கியவன் இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்திருப்பான்? வட்டி ஹராம் என்பது ஒருபுறம், வியாபாரப் புத்திக்கும் அது பொருந்தவில்லை.

நம்மிடம் இருக்கும் வழி

நம்மிடம் பணம் உண்டு, தண்ணீர் அறிவு இல்லை. மீனவப் பிள்ளையிடம் அறிவு உண்டு, பணம் இல்லை. இதற்குத்தான் மார்க்கம் முழாரபாவைக் காட்டித் தந்திருக்கிறது. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு. லாபம் முன்பே பேசிய விகிதத்தில். உழைப்பவரின் கவனயீனம் இல்லாமல் நட்டம் வந்தால் அது முதல் போட்டவருக்கு. எழுவான்கரைக் கடையும் படுவான்கரை நெல்லும் தோணியில் கைமாறிய ஊர் இது. இந்தக் கூட்டு நமக்குப் புதிதல்ல.

தொடங்குகிறவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவைக் கேட்டறியுங்கள். வழிகாட்டிக்கு உயிர்காப்புப் பயிற்சி கொடுங்கள். அங்கியில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாடிக்கையாளரின் உயிர் நம் கையில் அமானிதம். காற்று சரியில்லாத நாளில் காசைத் திருப்பிக் கொடுப்பவன்தான் அடுத்த வருடமும் தொழில் செய்வான்.

இன்னொன்று. திரும்பும் வழியில் அந்தத் தம்பி துடுப்பால் ஒரு பொலித்தீன் பையைத் தூக்கினார். அதில் நம் ஊர்க் கடை ஒன்றின் பெயர் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பலகையில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் வெட்கம். காசு கொடுத்துப் பார்க்க வரும் தண்ணீரில் நம் குப்பையை மிதக்க விட்டால் யார் வருவார்கள்?

மருமகன் இப்போது பத்துப் பலகையை ஐந்தாக்கிவிட்டான். அந்தத் தம்பியோடு விகிதம் பேசிக்கொண்டிருக்கிறான். கடன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, பங்குக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் நம் அனைவரின் தொழிலிலும் பரக்கத் செய்வானாக.