கறுப்பு கார் மேனியில் சிலந்தி வலை! கீறியது யார்?

காஞ்சீபுரம்-

மார்கழி மாதம். காலை 6 மணி. ஏகாம்பரநாதர் கோவில் சன்னதி தெருவில், பதினாறு கால் மண்டபத்தின் பக்கம் வெளியூர் கார்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் முதலில் சாமி கும்பிடப் போயிருக்கிறார்கள். காந்தி ரோட்டில் பட்டுக்கடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறது.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? டிக்கியைத் திறக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்த பழைய துணியை எடுக்கிறார்கள். பனியில் நனைந்த காரை "சர், சர்" என்று தேய்க்கிறார்கள். பத்தே நிமிஷம்! கறுப்பு கார் கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

முதலாளி வந்து பார்க்கிறார். முகம் மலர்கிறது. "பரவாயில்லையே, வண்டியைப் பளபளன்னு வெச்சிருக்கியே!"

ஆறு மாதம் போகிறது. அதே முதலாளி, அதே காரை உச்சி வெயிலில் பார்க்கிறார். பானெட் முழுக்க சிலந்தி வலை பின்னியது மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள்!

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கே? எங்கே கொண்டுபோய் உரசினே?"

டிரைவருக்கு ஒன்றும் புரிவதில்லை. வண்டி எங்கும் உரசவில்லை. யாரும் ஆணியால் கிழிக்கவில்லை. தினமும் துடைத்ததைத் தவிர அவர் வேறு பாவம் செய்யவில்லை.

அந்தத் துடைப்புதான் வினை!

கறுப்பு, கருநீலம், கரும்பச்சை, அடர்சிவப்பு கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. பாலீஷ் போடும் செலவு முதலாளிக்கு. கெட்ட பெயர் டிரைவருக்கு. சில இடங்களில் சம்பளப் பிடித்தமும் உண்டு.

தூசிதான் ஆசாமி

"துணி மெத்துன்னுதானே இருக்கு, அது எப்படிக் கீறும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கீறுவது துணி அல்ல. துணிக்கும் காருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தூசி.

ரோட்டுத் தூசியில் மணல் கலந்திருக்கிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கல். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சுக்கு 7. சாதாரண பேனாக்கத்தியின் இரும்புக்கு சுமார் 5½ தான். கத்தியையே கீறக்கூடிய சரக்கு காரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

காஞ்சீபுரத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. பாலாற்று மணல் ஒரு பக்கம். மாவட்டத்தில் உள்ள கல் குவாரிகளுக்கும் ஜல்லி கிரஷர்களுக்கும் போய்வரும் லாரிகள் ஒரு பக்கம். போதாக்குறைக்கு ஆடிக் காற்று. காலையில் கழுவிய வண்டியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம்.

எழுதிவிடாதீர்கள்! அந்த விரலும் கீறல் போடும். சின்னப் பிள்ளைகள் எழுதும் "என்னைக் கழுவு" என்ற வாசகம், கழுவிய பிறகும் பானெட்டில் தெரிவது இதனால்தான்.

முடியைவிட மெல்லியது

இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு வார்னீஷ் பூச்சு இருக்கிறது. "கிளியர் கோட்" என்பார்கள். பளபளப்பைக் கொடுப்பது அதுதான். அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக, முடியைவிட மெல்லிய ஒரு தோல்தான் காரின் அழகைக் காக்கிறது.

பாலீஷ் போட்டால் கீறல் போய்விடும் என்கிறார்கள். உண்மைதான். எப்படிப் போகிறது? கீறல் ஆழம் வரைக்கும் அந்தத் தோலைச் சீவி எடுக்கிறார்கள். தோலோ கொஞ்சம். எத்தனை தடவை சீவ முடியும்?

பழைய அம்பாசிடர் கார்களில் இந்த மேல்பூச்சு இல்லாத பெயிண்டு இருக்கும். அவற்றைப் பாலீஷ் போட்டால் துணியிலேயே கறுப்பு ஒட்டும். பெயிண்டு கரைந்து போவது கண்ணுக்கே தெரியும். புதுக் காரில் அது தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளைக் கார் தப்புவது எப்படி?

வெள்ளைக் காரும் தப்புவதில்லை. கீறல் அதிலும் விழுகிறது. கீறலின் விளிம்பில் வெளிச்சம் பட்டால் அது வெள்ளையாகத் தெரியும். வெள்ளை மேல் வெள்ளை கண்ணில் படாது. கறுப்பு மேல் வெள்ளை பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ராத்திரியில் செல்போன் டார்ச்சை பானெட்டுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வலை தெரிந்தால், துடைத்த கை தப்பான கை.

பனித் தண்ணி ஏமாற்றும்

"ஈரமாத்தானே இருக்கு, துடைச்சா என்ன?" என்று மார்கழிப் பனியை நம்பித் துடைப்பவர்கள் நிறையப் பேர். இதில்தான் ஏமாற்றம். பனி ஈரம் தூசியைக் கழுவிக் கீழே தள்ளாது. ஊறவைத்துச் சேறாக்கும். அந்தச் சேற்றைப் பழைய பனியனால் வட்டம் போட்டுத் தேய்ப்பது, வண்டியைச் சாணை பிடிப்பதற்குச் சமம்.

மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அன்றைக்கு மின்னும். மறுநாள் அந்தப் பிசுக்கில் முன்னைவிட இரண்டு பங்கு தூசி ஒட்டும்.

பின் எப்படித்தான் துடைப்பது?

கழுவும் நாளுக்கு நடுவே காரைச் சுத்தமாக வைக்கச் செய்யவேண்டியது இதுதான்:-

முதலில் தூசியைப் பாருங்கள். கை வைத்தால் நறநறவென்று மண் தட்டுப்பட்டாலோ, சேறு காய்ந்திருந்தாலோ, துணியை எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஒன்றே வழி.

லேசான தூசி என்றால், வண்டி நிழலில் நின்று சூடு ஆறட்டும். தண்ணீர் ஊற்றாமல் துடைப்பதற்கென்றே விற்கும் கார் ஷாம்பு உண்டு. பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கலந்து, ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமான இடமாகத் தாராளமாக அடியுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். வழவழப்பான திரவம் தூசியைச் சூழ்ந்து பெயிண்டை விட்டுத் தூக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். காரில் போட்ட மெழுகைக் கரைத்துவிடும்.

அடுத்து துணி. பனியன், லுங்கி, பழைய துண்டு எதுவும் ஆகாது. "மைக்ரோபைபர்" என்று கடைகளில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான துணிதான் சரி. அதன் மெல்லிய இழைகள் தூசியைத் தமக்குள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எறியுங்கள். அதுவும் கீறும்.

துணியை நாலாக மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டுப் பக்கம் கிடைக்கும். அழுத்தாமல், ஒரே திசையில், நேர்கோட்டில் இழுங்கள். வட்டம் போடாதீர்கள். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம். எட்டும் முடிந்தால் வேறு துணி. கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குப் பக்கமும் கதவின் அடியும் கடைசி. மண் அதிகம் இருப்பது அங்கேதான்.

கீழே விழுந்த துணியை மறுபடி பெயிண்டில் வைக்காதீர்கள். அது இனி டயருக்குத்தான்.

பூஜை போட்ட கார்

புதுக் கார் வாங்கினால் முதலில் கோவில் வாசல். மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம். காமாட்சி அம்மன் கோவில் பக்கம் இப்படி வரும் வண்டிகளைப் பார்க்கலாம். சந்தனம் பானெட்டில் காய்ந்து கட்டியாகும். குங்குமம் சாயம் விடும். வீட்டுக்குப் போய் நகத்தால் சுரண்டுவார்கள். புது வண்டியின் முதல் கீறல் அதுதான்.

பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் சாமிக்கு ஒரு குறையும் இல்லை. பானெட்டில்தான் வைக்கவேண்டும் என்றால், அன்றைக்கே நனைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். மாலை கட்டிய கம்பி பெயிண்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபுரத்துப் புறாக்களும் சும்மா விடுவதில்லை. எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் கொதிக்கும் கறுப்பு பெயிண்டில் அது தழும்பு போடும். பார்த்த உடனே ஈரத்துணியை அதன் மேல் போட்டு, இளகியதும் தேய்க்காமல் அப்படியே ஒற்றி எடுக்கவேண்டும்.

இன்னொன்று கார் கவர். தூசி படிந்த வண்டிக்குக் கவர் போட்டால், காற்றில் கவர் ஆடும். தூசி ராத்திரி முழுக்கத் தேய்க்கும். சுத்தமான வண்டிக்கு மட்டுமே கவர்.

போர்வெல் தண்ணீரை வெயிலில் தெளித்து அப்படியே காயவிடுவதும் தப்பு. உப்பு வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். கறுப்பில் அது நன்றாகவே தெரியும்.

குடம் எங்கே, பாட்டில் எங்கே?

இதில் தண்ணீர் கணக்கும் இருக்கிறது. 2019-ம் ஆண்டு கோடையில் சென்னை ஏரிகள் வறண்டன. குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. அதே ஜூலையில்தான் இங்கே வரதராஜ பெருமாள் கோவிலில் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அத்திவரதர் தரிசனம் தொடங்கி, 48 நாள் நடந்தது. ஊரெல்லாம் வண்டி, ஊரெல்லாம் புழுதி. ஓஸ் பிடித்துக் கார் கழுவினால் நூறு லிட்டருக்கு மேல் கூடப் போகும். ஸ்பிரே பாட்டில் முறைக்கு ஒரு லிட்டரே தாராளம்.

பையன் வந்தால்?

ஓட்டல் வாசலிலும் கோவில் வாசலிலும் கையில் கந்தலோடு ஓடிவருவார்கள். "சார், துடைக்கட்டுமா?" காலையில் இருந்து பத்து வண்டி துடைத்த துணி அது. பத்து வண்டி மண்ணும் அதில் இருக்கிறது. "துடைக்காதே தம்பி, வண்டியைப் பார்த்துக்கோ" என்று சொல்லி, கொடுக்கிற காசைக் கொடுத்துவிடுங்கள். அவர் பிழைப்பும் கெடாது, உங்கள் பெயிண்டும் கெடாது.

இந்த ஊர் நெசவாளிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகம் சொரசொரப்பாக இருந்தால் பட்டு இழையில் மாட்டும் என்று அவருக்குத் தெரியும். கையைச் சுத்தம் பண்ணிக்கொண்டுதான் தறியில் உட்காருவார். சேலையில் தூசி விழுந்தால் தேய்க்கமாட்டார். உதறுவார்.

அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு போய்க் காரில் ஏறும் முதலாளிகளே! கீறலைப் பார்த்ததும் டிரைவர் மேல் பாயாதீர்கள். அவர் கையில் நீங்கள் கொடுத்தது என்ன? பழைய பனியன்தானே?

நல்ல துணி நாலு, ஸ்பிரே பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிறகு பேசலாம்.