சாவிக்கொத்தும் இரும்புச்சத்தும்

மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பம். நள்ளிரவு. ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். திடீரென்று கண்கள் செருகி, கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. பாட்டி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து பிஞ்சுக் கையில் திணிக்கிறாள். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நிற்கிறது. "பாத்தியா, இரும்பப் புடிச்சதும் நின்னுபோச்சு!"

இப்படி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் சாவி அதை நிறுத்தவில்லை. இது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும்.

ஆனாலும் பாட்டி சொன்ன இரும்பை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது!

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேமித்துக்கொண்ட இரும்பு, பிறந்து ஆறு மாதம் வரைதான் தாக்குப்பிடிக்கும். பிறகு பால் மட்டும் போதாது. வலிப்பு வரத் தொடங்கும் வயதும் அதுவே. மூளை நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களைத் தயாரிக்கும் நொதிகள் சிலவற்றுக்கு இரும்பு தேவை. அது குறைந்தால், காய்ச்சலின் சூட்டில் நரம்புகள் எளிதில் நிலைகுலையலாம் என்பது ஒரு கருத்து.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு வந்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு இரும்புக்குறைவால் இரத்தசோகை. மருத்துவமனையில் இருந்த மற்றக் குழந்தைகளில் 14 பேருக்கே. இந்திய மருத்துவமனைகள் பலவற்றிலும் இதுபோன்ற முடிவே கிடைத்தது. ஆனால் 1995இல் வெளியான ஓர் ஆய்வு நேர்மாறாகச் சொன்னது! ஒரு சிக்கல் உண்டு: உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற புரதம், காய்ச்சலின்போது தானாகவே உயர்ந்து, குறையை மறைத்துவிடும். ஆகவே, 'இரும்புக்குறைவே காரணம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. 'அதுவும் ஒரு காரணமாகலாம்' என்பதே சரி.

தமிழ்நாட்டிலோ, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108ஐ அழையுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல்முறை என்றால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். மூளைக்காய்ச்சலும் இதேபோல் தொடங்கலாம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் செங்கல்பட்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

குப்பத்துக் குழந்தைக்கு முள் நீக்கிய மீனை மசித்துக் கொடுக்கலாம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கீரை, கேழ்வரகில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. கொஞ்சம் எலுமிச்சைச்சாறு சேர்த்தால் நல்லது. தேநீர் அதைத் தடுக்கும். இரும்புச்சத்து மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். மலம் கறுத்துப்போனால், பாட்டி பயப்பட வேண்டாம்.