பணிக்குரிய பண்பும் நம் பள்ளிகளும்

பள்ளிக் கல்வியின் பயன் யாது என்று எந்தப் பெற்றோரை வினவினும், பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்பதே முதல் விடையாக வரும். இவ்விடையைக் குருமாராகிய நாம் சற்று இளக்காரமாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். வேலைக்காகவா கல்வி என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்பது எளிது. கூலிவேலையிலும் வட்டிக்கடனிலும் தேய்ந்துபோன ஒரு குடும்பத்திற்கு மகளின் முதற் சம்பளம் எத்துணைப் பெரிய விடுதலை என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். எனவே வேலை என்னும் நோக்கத்தை இக்கட்டுரையில் நாம் குறைத்துப் பேசப்போவதில்லை. ஒரு வேலையைப் பொறுப்புடன் செய்வதற்கு வேண்டிய திறனும் பண்பும் பள்ளியில் எவ்வாறு உருவாகின்றன, நம் திருச்சபைப் பள்ளிகள் அதற்கு இடமளிக்கின்றனவா என்பதையே ஆராய விரும்புகிறோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்த சிற்றூர் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 ஆம் நாள் காலையில் அவ்வூரின் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் ஒன்றின்மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மாணாக்கர் மூவர் உயிரிழந்தனர். அன்று யார் எவ்வளவு தவறினர் என்று தீர்ப்பது விசாரணை செய்வோர் கடமை. அதனுள் நாம் புகவில்லை. ஆனால் அத்தகைய கேட் ஒன்று இயங்கும் முறையைக் கல்வியைப் பற்றிச் சிந்திப்பவர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

செம்மங்குப்பத்துக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத வகையைச் சேர்ந்தது. பிணைக்கப்பட்ட கேட்டில், கதவு மூடாதவரை ரயிலுக்குப் பச்சை விளக்கு எரியாது. அங்கே இயந்திரமே காவல். பிணைக்கப்படாத கேட்டில் அக்காவல் கிடையாது. ரயில் வருகிறது என்று நிலைய அதிகாரி தொலைபேசியில் அறிவிப்பார். கேட் கீப்பர் கதவை மூடிவிட்டு, தம்மிடமுள்ள பட்டியலிலிருந்து ஓர் எண்ணைப் படித்துச் சொல்வார். அதற்குத் தனி எண் என்று பெயர். அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே அதிகாரி ரயிலுக்கு வழிவிடுவார். எண் சொல்லப்பட்டது என்றால் கதவு மூடப்பட்டது என்று பொருள். கதவை அதிகாரி பார்ப்பதில்லை. ரயில் ஓட்டுநரும் தொலைவிலிருந்து அறிய இயலாது. வேனிலும் ரயிலிலும் இருக்கும் அத்தனை உயிர்களும், சாலையோரக் கூண்டு ஒன்றில் தனித்திருக்கும் ஒரு மனிதனின் சொல் மெய்யாயிருத்தல் என்னும் ஒற்றை இழையில் தொங்குகின்றன.

அவ்விபத்துக்குப் பின் கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா வைக்கவும், மேலும் பல கேட்டுகளைச் சிக்னலோடு பிணைக்கவும் ரயில்வே அமைச்சகம் ஆணையிட்டது. அது வேண்டியதே. மனிதனின் நேர்மையை மட்டும் நம்பி உயிர்களை விடுவது நிர்வாகத்தின் குறை என்பதில் ஐயமில்லை. எனினும் எல்லாத் தொழில்களையும் இயந்திரத்தோடு பிணைத்துவிட முடியாது. செவிலியர் நோயாளியின் அட்டையில் குறிக்கும் இரத்த அழுத்தம், மின்பணியாளர் இணைப்பைத் துண்டித்துவிட்டேன் என்று கம்பத்தின்மேல் இருப்பவருக்குச் சொல்லும் சொல், பொறியாளர் சிமெண்டுக் கலவையைச் சோதித்ததாக இடும் கையொப்பம் ஆகிய அனைத்தும் ஒருவகையில் தனி எண்களே. செம்மங்குப்பத்தை அடுத்த இரசாயன ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் உள்ளே பிராணவாயு போதிய அளவு உண்டா, நச்சுவாயு தங்கியுள்ளதா என்று அளந்து அனுமதிச் சீட்டில் எழுத வேண்டும். அளக்காமலே எழுதப்பட்ட எண்ணும் அளந்து எழுதப்பட்ட எண்ணும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். 2021 மே 13 அன்று அத்தொழிற்பேட்டையின் ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர். அதன் காரணத்தை இங்கே நாம் ஆராயவில்லை; அவ்வாலைகளில் பணி என்பது எத்தகைய பொறுப்பு என்பதை நினைவூட்டவே குறிப்பிடுகிறோம்.

இனி நம் பள்ளிகளின் ஆய்வுக்கூடத்திற்கு வருவோம். மேனிலை வகுப்பில் வேதியியல் பயிலும் மாணவன் பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி, அளவைக் குறிக்க வேண்டும். மும்முறை செய்து, ஒத்துவரும் அளவை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். பல பள்ளிகளில் நடப்பது யாதென்று நாம் அனைவரும் அறிவோம். சென்ற ஆண்டு மாணவனின் நோட்டு கைமாறுகிறது. வரவேண்டிய எண் எது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. பியூரெட்டைத் தொடாமலே மூன்று அளவீடுகள் அழகிய கையெழுத்தில் ஏறிவிடுகின்றன. தானே செய்து சற்றே பிழையான எண்ணைப் பெற்ற மாணவனுக்கு மதிப்பெண் குறைகிறது; செய்யாமல் சரியான எண்ணை எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. அறநெறி வகுப்பில் நாம் நாற்பது நிமிடம் உண்மையைப் போதிக்கிறோம். அடுத்த மணிநேரத்தில் ஆய்வுக்கூடம் அதற்கு எதிரான பாடத்தை மதிப்பெண்ணோடு சேர்த்துப் போதிக்கிறது. இவ்விரண்டில் எது மாணவன் மனத்தில் தங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

(இறையியல் மாணாக்கர் இதை வாசித்துப் புன்னகை செய்யவேண்டாம். சந்திக்காத வீடுகளைச் சந்தித்ததாக எழுதப்படும் களப்பணி அறிக்கைகளும் உலகில் உண்டு.)

பண்பு என்பது பாடமாகக் கற்பிக்கப்படுவதைவிட நடைமுறையாகப் பழக்கப்படுவது என்னும் கருத்துக்கு ஆராய்ச்சியாளர் தரும் சான்றும் துணையாகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில் 1962 முதல் 1967 வரை, வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 சிறுவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு மட்டும் நல்ல பாலர் பள்ளிப் பயிற்சி தரப்பட்டது. எந்தச் செயலைச் செய்வது என்று பிள்ளைகளே திட்டமிடுவர், செய்வர், செய்ததைப் பின்னர் கூடியிருந்து பேசுவர். அறிவுக்கூர்மைத் தேர்வுகளில் அப்பிள்ளைகள் பெற்ற முன்னேற்றம் சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. ஆயினும் அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது, அப்பயிற்சி பெறாதவர்களைவிட மிகுதியானோர் வேலையில் இருந்தனர், ஊதியமும் கூடுதலாயிருந்தது, காவல்துறையால் கைதானோர் குறைவாயிருந்தனர். பொருளாதாரத்திற்காக 2000 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இத்தரவுகளை ஆராய்ந்து, மதிப்பெண்ணால் அளக்கப்படாத விடாமுயற்சி, தன்னடக்கம், பிறரோடு இசைந்து செல்லுதல் முதலிய பண்புகளே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணம் என்று விளக்கினார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தையே பிற்காலத்தில் வெற்றி பெறும் என்று ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு ஒன்றை நம் இளைஞர் முகாம்களில் பலர் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறோம். 2018 இல் மிகுதியான குழந்தைகளைக் கொண்டு அதை மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பத்தின் பொருள்நிலையையும் பின்புலத்தையும் கணக்கில் கொண்டால் அத்தொடர்பு பெரும்பாலும் சுருங்கிவிடுவது தெரியவந்தது. நாளைக்கு உணவு உண்டு என்ற உறுதியுள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். அவ்வுறுதி இல்லாத பிள்ளை கையில் கிடைத்ததை உண்பது பண்புக்குறை ஆகாது. ஏழைப் பிள்ளைக்கு ஒழுக்கம் போதாது என்று சொல்லிவிட்டு, அவனைச் சூழ்ந்த அநீதியைக் காணாமல் விடுவதற்குப் பண்புக்கல்வி ஒரு போர்வையாகக் கூடாது.

நம் நாட்டு வரலாற்றில் இப்போர்வை மெய்யாகவே நெய்யப்பட்டதுண்டு. 1953 இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டுமாயிருந்தது. உழைப்பின் மாண்பு என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954 இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவரின் மகன் செருப்பே தைக்கட்டும் என்பது திறன்கல்வி ஆகாது என்னும் தெளிவு அப்போராட்டத்தின் கொடை.

மிஷன் பள்ளிகளின் வரலாற்றையும் இவ்வொளியிலேயே வாசித்தல் வேண்டும். தரங்கம்பாடி மிஷனரிமார் 1717 இலேயே கடலூரில் ஒரு தருமப் பள்ளியைத் தொடங்கினர். நாசரேத்தில் 1878 இல் கனம் மர்காசிஸ் ஐயர் நிறுவிய கைத்தொழிற் பள்ளியும், மங்களூரில் பாசல் மிஷன் நடத்திய ஓட்டுத் தொழிற்சாலையும் நெசவுச்சாலையும், ஞானஸ்நானம் பெற்றதால் ஊரையும் பிழைப்பையும் இழந்த பலருக்குச் சோறிட்டன. இதை நன்றியோடு சொல்கிறோம். ஆயினும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்குத் தச்சும் தையலும் போதும், மேற்குலத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்ற பிரிவினை பல மிஷன்களில் நிலவியதையும் மறைக்கலாகாது. சாதி வேற்றுமையைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ள மறுத்து லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணிபுரியலானார். பின்னர் டேனிஷ் மிஷன் அவரோடு இணைந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்து அப்பணியிலும் உண்டு. எந்தப் பலகையில் எந்தப் பிள்ளை அமர்வது என்னும் கேள்வியே அவ்வட்டாரத்தில் பண்புக்கல்வியின் முதற் பாடமாயிருந்தது.

அதே மாவட்டத்தின் சிதம்பரத்தில் மற்றொரு பாடம் நமக்குக் காத்திருக்கிறது. ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890 இல் பிறந்த முனுசாமி என்னும் சிறுவர் திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்றார். ஞானஸ்நானம் பெற இசையாமல் அப்பள்ளியை விட்டு நீங்கினார். அவரே பின்னாளில் சுவாமி சகஜானந்தர் என அறியப்பட்டு, 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் அமைத்தவர். சட்டமன்ற மேலவையிலும் பின்னர்ச் சட்டமன்றத்திலும் உறுப்பினராயிருந்து 1959 இல் மறைந்தார். தில்லைக் கோயிலுக்குள் நுழைய நந்தனார் பட்ட பாட்டைச் சொல்லும் ஊரில், அவர் பெயரிலேயே பள்ளி எழுப்பியதன் பொருளை நாம் உணரவேண்டும். அப்பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு எழுத்தோடு சேர்ந்து, தலைநிமிர்ந்து நிற்கும் உரிமையும் கற்பிக்கப்பட்டது. நம் மிஷன் பள்ளி எழுத்தறிவித்த ஒருவர், மனச்சான்றுக்கு மாறாக நம்மோடு நிற்க மறுத்தே அதைச் சாதித்தார். பண்பை உருவாக்குகிறோம் என்று சொல்லும் பள்ளி, தனக்கு மறுப்புரைக்கும் மாணவனைத் தாங்கிக்கொள்ள வல்லதா? இக்கேள்வியை நம் இறையியல் கல்லூரிகள் இன்னும் நேராகச் சந்திக்கவில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஏனெனில் பணிப்பண்பு என்றவுடன் நம் மனத்தில் எழுவது கீழ்ப்படிதலே. எபேசியர் ஆறாம் அதிகாரத்தில், எசமான் பார்க்கும்போது மட்டும் வேலை செய்யும் மனப்பான்மையைப் பவுல் கடிகிறார். அவ்வாக்கியம் அடிமைகளை நோக்கிச் சொல்லப்பட்டதால், வாய்மூடி உழைப்பதற்கு வேதாதாரமாக அதைப் பலர் பயன்படுத்தினர். ஆனால் அவ்வதிகாரமே எசமான்களையும் பரலோகத்திலுள்ள ஓர் எசமானின் முன் நிறுத்துகிறது. அவரிடம் முகதாட்சிணியம் இல்லை. மனிதர் கண்ணுக்காக உழையாதவன் மனிதர் கண்ணுக்கு அஞ்சியும் பொய் சொல்லமாட்டான். கதவு இன்னும் மூடவில்லை, ரயிலை நிறுத்துங்கள் என்று மேலதிகாரியிடம் சொல்வதற்கும், ரயில் வருகிறது, திறக்கமாட்டேன் என்று அவசரப்படும் வண்டியோட்டியிடம் சொல்வதற்கும் கீழ்ப்படிதல் மட்டும் போதாது. தாலந்துகளின் உவமையில் மூன்றாம் ஊழியக்காரன் பணத்தைப் புதைத்ததற்குச் சொன்ன காரணம் பயம். பயத்தால் நடத்தப்படும் பள்ளியும் புதைக்கவே கற்பிக்கிறது: உடைந்த பிப்பெட்டை, தவறிய கணக்கை, புரியாத பாடத்தை.

திறனைப் பொறுத்தவரையில் வேதம் இன்னும் தாராளமானது. யாத்திராகமம் 31 ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனாகப் பேசப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யும் நுட்பம் அங்கே ஆவியின் வரமாக எண்ணப்படுகிறது. ஆசாரியனின் பணி எத்துணைத் திருப்பணியோ, தச்சனின் பணியும் அத்துணைத் திருப்பணி என்று லுத்தர் வற்புறுத்தியதும் இவ்வழியிலேயே. அப்படியிருந்தும், சபைப் பிள்ளை ஒருவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் ஆறுதல் சொல்வதும், பொறியியற் கல்லூரியில் சேர்ந்தால் ஸ்தோத்திர ஆராதனை வைப்பதும் நம் வழக்கமாயிருக்கின்றன.

அரசு இத்துறையில் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1978 இல் மேனிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவு சேர்க்கப்பட்டது. 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பு முதலே தொழில் அறிமுகத்தைப் பேசுகிறது. இவற்றின் நிறைகுறைகளைக் கல்வியாளர் ஆராய்வர். பல பள்ளிகளுக்குத் தாளாளராயிருக்கும் ஆயர்மாருக்கு எந்த அரசாணைக்கும் காத்திராத பொறுப்புகள் சில உண்டு.

அவற்றுள் மிகக் கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் நியமனத்திற்குப் பணம் கைமாறுகிறது என்னும் பேச்சு நம் பள்ளிகளைச் சுற்றி ஓயாமல் எழுகிறது. ஓரிடத்திலேனும் அது மெய்யாயிருந்தால், அப்பணம் கொடுத்து வந்தவர் நேர்மையைக் கற்பிக்க இயலாது. மாணாக்கர் அதை அறியமாட்டார்கள் என்று எண்ணுவது பேதைமை. சம்பளக் கணக்கைவிட வேகமாக இத்தகைய செய்தி விடுதிக்குள் வந்து சேரும்.

மற்றவை சிறியன, செய்யக்கூடியன. விடுதியின் அரிசிக் கணக்கையும் காய்கறிச் செலவையும் மாணாக்கரே முறைவைத்து எழுதி, மாத இறுதியில் அனைவர் முன்னும் வாசிக்கட்டும். வார்டன் அதில் கையொப்பம் மட்டும் இடட்டும். கணக்கில் குறை வந்தால் அன்றே சொன்னவன் தண்டிக்கப்படலாகாது. பட்டறைக் கருவிகளுக்குப் பதிவேடு வைத்து, உடைந்ததை உடைத்தவரே எழுதும் வழக்கம் வரட்டும். ஆலைகளில் விபத்து நேராமல் தப்பிய நிகழ்ச்சிகளையும் பதிவு செய்வது நல்ல பாதுகாப்பு முறையின் அடிப்படை. அதைச் சொல்பவர்மீது பழி சுமத்தும் ஆலையில் யாரும் சொல்வதில்லை. பள்ளியிலும் அவ்வாறே. திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனைகளை ஒப்புவிக்கச் செய்யும்போது, பொய்ச்சாட்சி பற்றிய கற்பனையோடு அளக்காமல் எழுதிய எண்ணையும் சேர்த்துப் பேசலாம்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபின் தாளாளர் ஒருவர் தலைமையாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. ஒவ்வொரு மாணவரும் பியூரெட்டைக் கையில் பிடிக்கும் அளவிற்கு ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உள்ளனவா? தானே அளந்து, தவறான விடையை உள்ளபடி எழுதிய மாணவிக்கு அப்பள்ளியில் என்ன மதிப்பெண் கிடைக்கும்?