மிச்சிகன் சாலை அமைந்த வரலாறு

ஊருக்கு ஊர் வண்டி செல்ல வழி வேண்டும் என்பதில் எவரும் மாறுபடுவதில்லை. அவ்வழி எவருடைய நிலத்தின்மீது செல்வது, அதனை வெட்டித் திருத்துவோர் யார், செலவைத் தாங்குவோர் யார் என்று கேட்கும்போதுதான் வழக்குப் பிறக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தார் இவ்வினாக்களுக்குச் சட்டத்தின் வாயிலாக விடை கண்ட வகையை இங்கே ஆராய்வோம்.

இந்தியானா 1816-ஆம் ஆண்டில் மாநிலமாயிற்று. அந்நாளில் அதன் பெரும்பகுதி அடர்ந்த காடு. குடியேறியவர்களிடம் ரொக்கப்பணம் மிகக் குறைவு. உடலுழைப்பே அவர்களுடைய கைமுதல். ஆகவே உள்ளூர்ச் சாலைச் சட்டங்கள் அவ்வுழைப்பையே பெரிதும் நம்பின. புதிய பாதை வேண்டுவோர், நிலமுடையார் பன்னிருவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைக் கவுண்டி என்னும் வட்டார ஆட்சியிடம் அளிப்பர். அது நியமிக்கும் மூவர், வழி நெடுகச் சென்று பார்த்து, பாதை பொதுமக்களுக்குப் பயன்படுமா என்று அறிக்கை தருவர். தம் நிலத்திற்குச் சேதம் என்போர் முறையிட்டு ஈடு கோரலாம். பாதை ஏற்பட்டபின், மேற்பார்வையாளர் அழைக்கும்போது உடல்வலிமையுள்ள ஆடவர் ஆண்டுதோறும் சில நாள்கள் கோடரியும் மண்வெட்டியும் கொண்டு வந்து வேலை செய்தல் வேண்டும். வாராதவர் தண்டம் கட்ட வேண்டும். திட்டம் நன்றே. ஆயினும் வந்தவர்கள் சாலை வேலையில் தேர்ச்சி பெற்றவர்கள் அல்லர். மழை பெய்தவுடன் பாதை சேறாயிற்று.

பல கவுண்டிகளைக் கடந்து செல்லும் பெருஞ்சாலைகளை மாநிலச் சட்டமன்றமே வகுத்தது. மத்திய அரசு அம்மாநிலத்தில் தன் நிலத்தை விற்றுப் பெற்ற நிகரத் தொகையில் நூற்றுக்கு மூன்று பங்கு, சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவரவர் தத்தம் ஊருக்குப் பங்கு கேட்டமையால், அத்தொகை பல சாலைகளுக்குச் சிறிது சிறிதாகச் சிதறியது. எந்தச் சபையிலும் நிகழக்கூடியதுதான்!

வடக்கே மிச்சிகன் ஏரியையும் தெற்கே ஒஹையோ ஆற்றையும் இணைத்த மிச்சிகன் சாலைக்கு வேறொரு வழி கிடைத்தது. 1826-இல் பொட்டவாட்டமி என்னும் பூர்வகுடி மக்களோடு மத்திய அரசு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி ஏரியிலிருந்து வாபாஷ் ஆறு வரை 100 அடி அகல நிலமும், ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், நல்ல நிலமும் பெறப்பட்டன. வாபாஷிலிருந்து தலைநகர் இந்தியானாபொலிஸ் வழியாகத் தெற்கே செல்லும் பகுதிக்கும் இதே கணக்கு. அந்நிலத்தை விற்ற பணத்தைக்கொண்டு மாநிலம் சாலை அமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குடியேறியோர்மீது புதிய வரிச்சுமை ஏறவில்லை. செலவைத் தாங்கியது பொட்டவாட்டமி மக்களின் நிலமே.

வழியை முடிவு செய்யச் சட்டமன்றத்திற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நேர்வழியில் கான்ககீ ஆற்றின் பெருஞ்சதுப்பு குறுக்கிட்டது. ஆதலால் சாலை கிழக்கே ஒதுங்கி சௌத் பெண்ட் சென்று, பிறகு மேற்கே திரும்பி ஏரியை அடைந்தது. அதன் தென்முனை மேடிசன் நகரம். 1830-க்குப் பின் வேலை நடந்தது. 100 அடி அகலத்திற்கு மரங்களை வீழ்த்தி, நடுவே 30 அடியில் வேர்களையும் அகழ்ந்தெடுத்தனர். தாழ்ந்த இடங்களில் மரத்துண்டுகளைக் குறுக்கே அடுக்கினர். வண்டிகள் குலுங்கிக் குலுங்கியே சென்றன என்றாலும், மாநிலத்தின் வடபகுதிக்குக் குடும்பங்கள் திரளாகச் செல்ல இச்சாலையே வாயிலாயிற்று.

குடியேற்றம் பெருகவே, பொட்டவாட்டமி மக்களிடம் எஞ்சியிருந்த நிலத்தின்மீதும் கண் விழுந்தது. 1836-இல் நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட மறுத்தார், தலைவர் மெனோமினி. 1838 செப்டம்பரில் அவரையும் அவருடைய மக்களையும் சேர்த்துச் சுமார் 850 பேரை ஆயுதமேந்திய காவலோடு மேற்கே கான்சஸ் பகுதிக்கு நடத்திச் சென்றனர். ஏறத்தாழ 660 மைல், இரண்டு மாதப் பயணம். 40-க்கும் மேற்பட்டோர் வழியிலேயே இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். மிச்சிகன் சாலையின் ஆணையராகப் பணிபுரிந்திருந்த வில்லியம் போல்க் என்பவரே பயணத்தின் பிற்பகுதியைப் பொறுப்பேற்று நடத்தினார். புறப்பட்ட இடத்திற்கு அருகிலிருந்து வாபாஷ் ஆற்றங்கரையிலுள்ள லோகன்ஸ்போர்ட் நகர் வரை, அம்மக்கள் நடந்த வழி தாங்கள் நிலம் கொடுத்து உண்டான மிச்சிகன் சாலையே.