பங்குனி ஆமைக்குக் காவல்

தமிழகக் கடற்கரைக் குப்பங்களில் இந்தக் கடல் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. பெயர்தான் பங்குனி, தை பிறக்கும்போதே பெண் ஆமைகள் கரையேறத் தொடங்கிவிடும். இரவில் வந்து, மணலில் குடம்போலக் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்புறம் எட்டிப் பார்ப்பதில்லை. நாயிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் தப்புவது முட்டைகளின் பாடு.

இந்த முட்டைகளுக்குச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கரையில் அரை நூற்றாண்டாகக் காவல் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய பாம்புப் பண்ணை நண்பர்களும் இரவில் கரையோரம் நடக்க ஆரம்பித்தார்கள். (1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கிய அதே விட்டேக்கர்தான்.) உடன் நடந்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சதீஷ் பாஸ்கர். ஆமைப் பைத்தியம் முற்றி, 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத தீவு ஒன்றில் மாதக்கணக்கில் தனியே தங்கினார். அங்கிருந்து புட்டியில் அடைத்துக் கடலில் விட்ட கடிதம் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அஞ்சலில் சதீஷின் மனைவிக்கு வந்து சேர்ந்தது. கதைபோல இருக்கிறது, ஆனால் நடந்தது.

பிறகு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தின. அவையும் நின்றபோது, 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். படிப்பு முடிந்து ஆட்கள் போனாலும் அமைப்பு கலையவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் புதிய மாணவர்கள் வந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறார்கள்.

வேலை எளிதல்ல. டிராக்டர் போனதுபோல மணலில் இரட்டைத் தடம் தெரியும். அது எங்கே முடிகிறதோ அங்கே மணல் கலைந்திருக்கும். கம்பை மெல்ல இறக்கிப் பார்க்க வேண்டும். இறுகிய மணலில் நிற்கும் கம்பு, முட்டைக் குழிக்கு மேல் சட்டென்று உள்ளே போகும். கொஞ்சம் அழுத்தினாலும் முட்டை உடையும். அப்புறம் கை மட்டும்தான். பிங்பாங் பந்துபோன்ற முட்டைகளை எண்ணிப் பையில் எடுத்துப் போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குட வடிவில் குழி தோண்டிப் புதைத்துத் தேதி எழுதி வைப்பார்கள். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மணல் சூடானால் பெண் குஞ்சு கூடும், குளிர்ந்தால் ஆண் கூடும். பொரிப்பகத்துக்கு எப்போது நிழல் போடுவது என்பதுகூட யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை ஓர் இருபது வயதுப் பையனோ பெண்ணோ எடுக்கிறார் என்பதுதான் இதில் விசேஷம்.

இதில் பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் எதுவும் நடக்காது. கடல் ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறை அனுமதியின்றி ஒரு முட்டையைக்கூடத் தொடக் கூடாது. அனுமதியும் வேலி போட்ட ஒரு துண்டு மணலும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்தால் போதும். ஆனால் நம் ஊரில் 'இளைஞர் பங்கேற்பு' என்றால் விழாவில் பூங்கொத்து கொடுக்கவைத்து, சான்றிதழோடு அனுப்பிவிடுகிற வழக்கம்தான் அதிகம்.

குப்பத்து இளைஞர்களின் நிலைமை வேறு. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களைக் கொண்டே கடல் ஆமைப் பாதுகாவலர் குழுக்களை அமைத்தது. காற்றும் நீரோட்டமும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி மாணவருக்கு ஓர் இரவு போனால் தூக்கம் போகும். கடலுக்குப் போகிறவருக்கு அன்றைய வருமானமே போகும். அவரிடமும் 'தொண்டு' என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது நியாயமில்லை. மதிப்பூதியம் கொடுத்தே ஆக வேண்டும்.

கரையில் காவல் இருந்தால் மட்டும் போதாது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்தவையே பெரும்பாலும் என்று சொல்லப்பட்டது. ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை நிறைவேற்றுவது அரசின் வேலை. கம்போடு கரையில் நடக்கும் மாணவரால் அது ஆகாது.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். கடலென்று நினைத்துச் சாலைக்குப் போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடோ விடுதியோ வைத்திருந்தால், தை முதல் வைகாசி வரை இரவில் கடல் பக்கத்து விளக்கை அணைத்துவிடுங்கள்.