கறள் பிடித்த திருகாணியும் பழைய காரின் முன்விளக்கும்

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் ஓடுகின்றன. இங்கிலாந்தில் 1948இல் வெளிவரத் தொடங்கி, 1971இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. 1990களில் எரிபொருட் தடை நிலவிய காலத்திலே மண்ணெண்ணெயைக் குடித்தும் நம்மைச் சுமந்தது. அதற்கு முதுமையில் வரும் நோய்களுள் ஒன்று கண் மங்குதல். விளக்கினுள்ளே வெள்ளிபோல் ஒளிரவேண்டிய குழிவாடி கறுத்துவிடும். பின்னர் மின்குமிழை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. மாலை வகுப்பு முடிந்து இருளிலே சைக்கிளில் வீடு திரும்பும் மாணாக்கரை அவ்வொளி காட்டித் தராது. எனவே கண்ணாடியும் குழிவாடியும் ஒன்றாய் அமைந்த உறுப்பையே மாற்றுதல் வேண்டும். அதன் விட்டம் 7 அங்குலம். வேறு பல வண்டிகளுக்கும் அதுவே அளவாதலால் இன்றும் கிடைக்கின்றது.

வேலை எளிது. வெளி வளையத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடிவளையம். அதனைப் பற்றியிருப்பவை மூன்று சிறு திருகாணிகள். அருகிலேயே வேறு திருகாணிகளும் உண்டு. அவை ஒளியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருத்துவன. இவையென எண்ணி அவற்றைத் திருகினால், ஒளி எதிரே வருவோன் கண்ணிற் பாயும்.

அம்மூன்று ஆணிகளும் அசைய மறுக்கும்போதுதான் வில்லங்கம். சக்கரம் வாரியிறைக்கும் சேறு விளக்கின் முதுகிலே படிகின்றது. கடற்காற்றின் உப்பும் சேர்கின்றது. இரும்பின் துருவை நாம் கறள் என்கிறோம். கறள், தான் தின்ற இரும்பினும் கூடிய இடத்தை அடைப்பது. ஆகவே மரையின் இடுக்கெல்லாம் நிறைந்து, ஆப்பு அறைந்தாற்போல் ஆணி இறுகிவிடும். இதனை அறியாதார் தோள்வலியைக் காட்டுவர். எனது காரின் இடப்பக்க விளக்கைத் திறக்கப் புகுந்த இளைஞர் ஒருவர் அவ்வாறே காட்டினார். ஆணியின் தலை முறிந்து அவர் காலடியில் விழுந்தது.

பின்னர் நான் நாடிச் சென்ற முதியவரோ திருகாணியைத் திருகவே இல்லை. கம்பித் தூரிகையால் தலைப்பிளவைத் துடைத்து, கறளுள் ஊறும் எண்ணெயிற் சில துளி விட்டார். "பண்டிதர், இண்டைக்கு இது எண்ணெய் குடிக்கட்டும், நாளைக்கு வாருங்கோ" என்றார். மறுநாள், பிளவை முற்ற நிரப்பும் அலகுடைய ஸ்குறூ டிறைவரை வைத்து, அதன் பிடியிலே சுத்தியலால் மெல்லத் தட்டினார். தட்டுதல் கறளின் பிணைப்பை உடைக்குமாம். அதன்பின் கழற்றும் திசையில் அன்று, இறுக்கும் திசையிலே ஓர் இம்மி திருப்பினார்! பின் மறுபுறம், மீண்டும் இப்புறம். அசையாத ஒன்றை மட்டும், எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஈயம் பற்றவைக்கும் கோலின் நுனியால் சூடாக்கினார். முறிந்து நின்ற ஆணியைத் துளையிட்டு எடுத்தார். புதியவற்றைக் கிறீஸ் தடவியே பூட்டினார்.

மரை, சுரை என்னும் சொற்கள் அவர் வாயில் இயல்பாய் வந்தன. கலைச்சொல்லாக்கம் பற்றி மண்டபங்களிலே வாதிடும் நம்மவர் கராஜ் வாயிலில் அரை நாள் இருந்தால், ஆக்கவேண்டாத சொற்கள் சில கிடைக்கும். அவருக்கு மாணாக்கர் எவரும் இல்லை என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

மின்குமிழ் பற்றியும் அவர் எச்சரித்தார். இக்காலத்து 60 வாற்று ஹலஜன் குமிழ் இரண்டு, 12 வோல்ற்றில் 10 அம்பியர் இழுக்கும். பழைய ஆளிக்கு அது பெருஞ்சுமை. நடுவே ஒரு றிலே வேண்டும். எல்.ஈ.டி. குமிழ் வாங்குவோரும் கேட்டு வாங்குக: இவ்வண்டியிலே பற்றறியின் நேர்முனைதான் வண்டியுடலோடு இணைந்துள்ளது. முனை மாறினால் அவற்றுட் பல எரியா.

இருள் கவிந்தபின் காரைச் சுவரெதிரே நிறுத்தினோம். வலப்பக்க ஒளி சற்று உயர்ந்திருந்தது. மேலேயுள்ள திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினார். அது இலகுவாகத் திரும்பிற்று.