பண்ணை மீன் சதை குழைவது ஏன்? தீவன மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்

சந்தையில் மீன் வாங்கும் நம் தாய்மார்கள் பலர் விலையைக் கேட்பதற்கு முன்பே இன்னொரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: “இது கடல் மீனா, குளத்து மீனா?” குளத்து மீன் என்று பதில் வந்தால் முகம் சற்றே சுருங்கும். சதை குழையும், குழம்பில் உடையும், சேற்று வாடை அடிக்கும் என்பதுதான் காரணம். என் அம்மாவும் அப்படித்தான். ஆனாலும் கடல் மீன் விலையைப் பார்த்துவிட்டு, கடைசியில் திலாப்பியாவையோ கெளுத்தியையோதான் பையில் போட்டுக்கொண்டு வருவார்.

அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் பழியைக் குளத்தின் மேல் மட்டும் போட முடியாது. மீன் என்ன தின்று வளர்ந்தது, அதில் எவ்வளவு புரதம் இருந்தது, அது எத்தகைய புரதம் என்பதையும் பார்க்க வேண்டும்.

தீவனத்தில் புரதம் நிறைய இருந்தால் மீனின் சதையிலும் புரதம் நிறையச் சேரும் என்று பலர் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. பெரும்பாலான மீன்களில் 100 கிராம் சதைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 கிராம் புரதம் இருக்கும். இனத்துக்கு இனம் அது சற்று மாறலாம். தீவனத்தால் பெரிதாக மாறாது. தீவனத்தால் அதிகம் மாறுவது கொழுப்பும் நீரும்தான். சதை இறுகி இருப்பதும் குழைவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

மீனுக்கு மீன் தேவை வேறுபடும். சியாக்காப் என்று நாம் வாங்கும் கொடுவா, மற்ற மீன்களைத் தின்று வாழும் இனம். அதன் தீவனத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம் வேண்டும். பாசியும் தாவரமும் தின்னும் திலாப்பியா ஓரளவு வளர்ந்த பிறகு, 28 முதல் 32 விழுக்காடே போதும். குஞ்சுப் பருவத்தில் எல்லா மீனுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவை.

மீன் வளர்ப்பில் பாதிக்கும் மேற்பட்ட செலவு தீவனத்துக்கே போய்விடுகிறது. அந்தத் தீவனத்தில் விலை அதிகமான பொருள் புரதம். எனவே கையைக் கடிக்கும்போது சிறு பண்ணைக்காரர் முதலில் குறைப்பதும் அதைத்தான். மலிவான தீவனம், தவிடு, பழைய ரொட்டி, கோழிக் குடல் என்று போடத் தொடங்குவார். மீன் எடை போடும், தராசில் குறை தெரியாது. ஆனால் தசை கட்டப் போதிய புரதம் இல்லாமல், மாவும் கொழுப்பும் மட்டும் மிஞ்சினால், அந்தச் சக்தியை மீன் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும். வயிற்றுப் பகுதியிலும் தசைகளுக்கு நடுவிலும் அது படியும். வீட்டில் கழுவும்போது வயிற்றுக்குள் மஞ்சளாகத் திரண்டிருப்பது அதுதான். பொரித்தால் எண்ணெய் விடும், குழம்பில் உதிரும்.

சங்கப் பாடல்களில் ‘கொழுமீன்’ என்ற சொல் அடிக்கடி வரும். அங்கே அது பாராட்டு. தானே இரை தேடி நீந்தித் திரிந்து கொழுத்த மீனும், ஓரிடத்தில் நின்றபடி தவிடு தின்று கொழுத்த மீனும் ஒன்றல்ல என்பதைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடல்களைப் படித்தபோது நான் யோசித்ததில்லை.

அப்படியானால் புரதத்தை வாரிப் போட்டால் சரியாகிவிடுமா? அதுவும் ஆகாது. தேவைக்கு மிஞ்சிய புரதத்தை மீனால் சேமித்துவைக்க முடியாது. அதை எரித்துவிட்டு, மிச்சத்தை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடும். அளவாகத் தீவனம் போட்டாலும், அதிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீனின் உடலில் தங்கும். மற்றது குளத்துக்குப் போகிறது. அதை உண்டு பாசி பெருகும். நீலப்பச்சைப் பாசிகளில் சில, ஜியோஸ்மின் என்ற பொருளை வெளியிடும். நாம் சொல்லும் சேற்று வாடைக்கு முக்கியக் காரணம் அதுவே. மழை பெய்ததும் எழும் மண்வாசனையிலும் இருப்பது இதே ஜியோஸ்மின்தான்!

இந்த ஜியோஸ்மின் செவுள் வழியாக மீனுக்குள் நுழைந்து கொழுப்பில் தங்கிக்கொள்ளும். எனவே புரதம் குறைந்த தீவனத்தால் கொழுத்த மீன், பாசி படிந்த குளத்தில் இருந்தால் வாடையை அதிகமாகவே பிடித்துவைக்கும்.

புரதத்தின் அளவு சரியாக இருந்தாலும் தரம் வேறு விஷயம். மீன் தூளுக்குப் பதிலாக இன்று சோயாப் புண்ணாக்கு பெருமளவு சேர்க்கப்படுகிறது. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் மீனுக்குப் போதுமான அளவு இல்லை. அதைத் தனியாகச் சேர்க்காவிட்டால், மூட்டையில் 32 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தாலும் அதன் ஒரு பகுதி தசையாக மாறாமல் வீணாகும்.

தீவனம் சதையை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்குச் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் உள்ள சோங்ஷான் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே புல் கெண்டைக்குக் கடைசிச் சில மாதங்கள் பெரிய அவரை வகைக் கொட்டையை மட்டுமே போடுகிறார்கள். அதன் சதை மொறுமொறுவென்று இறுகிவிடுகிறது. ஸ்டீம்போட்டில் நெடுநேரம் கொதித்தாலும் உடைவதில்லை.

நல்ல பண்ணைகளில் மீனைப் பிடிப்பதற்கு முன் சில நாள் தீவனத்தை நிறுத்தி, சுத்தமான ஓடும் நீரில் விட்டுவைப்பார்கள். வாடை மெல்ல வெளியேறும், மீனின் எடையும் சற்றுக் குறையும். அந்த நட்டத்துக்குத் தயங்குபவர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. வாங்கும்போது, “சுத்தத் தண்ணீரில் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டுப் பார்க்கலாம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை உடனே மேலெழ வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் வழி இருக்கிறது. புளிப்பில் ஜியோஸ்மின் சிதைந்து வாடையற்றதாகிவிடும். பகாங் மாநிலத்தின் தெமர்லோ பாத்தின் மீனுக்குப் பெயர்போன ஊர். இயல்பிலேயே கொழுப்பு மிகுந்த அந்த மீனைப் புளித்த டுரியானான தெம்போயாக்கில் சமைக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வேலையைப் புளி செய்கிறது. நறுக்கிய துண்டுகளைக் கால் மணி நேரம் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு, கடைசியில் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து மெதுவாக அசைத்து இறக்குங்கள்.